கோடை முகாமில் என் மகன் குடிக்காத தண்ணீர்

1978, மே மாதம். கொச்சி, மட்டாஞ்சேரி. வியாழக்கிழமை. சிறுவர் கோடை முகாமின் நான்காம் நாள்.

காலை 8.30. ஒன்பது வயதுச் சிறுவன் வீட்டிலிருந்து முகாமுக்குப் புறப்பட்டான். கையில் தயிர்சாதப் பாத்திரம் ஒன்று, தண்ணீர்க் கூஜா ஒன்று. வாசலில் தந்தை அவனிடம் கூறியது: "அங்கே யார் எது குடுத்தாலும் வாங்கிக் குடிக்கப்படாது. கூஜாவிலே இருக்கற ஜலம் போறும்."

காலை 9.45. கூஜா கவிழ்ந்தது. தண்ணீர் முழுவதும் தரையில் போயிற்று. சிறுவன் இதைப் பெரியவர்கள் யாரிடமும் தெரிவிக்கவில்லை.

பகல் 12.45. தயிர்சாதத்தில் இரண்டு கவளம் உண்டான். எஞ்சியதை மூடி வைத்தான்.

பிற்பகல் 2.20. தகரக் கொட்டகையில் நாடக ஒத்திகையின்போது மயங்கி விழுந்தான்.

பிற்பகல் 2.40. இரண்டு இளநீர் குடித்தான்.

பிற்பகல் 3.10. மருத்துவர் அவனுடைய கையில் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்.

பிற்பகல் 4.45. தந்தை வந்து சேர்ந்தார்.

நேரங்களை முகாம் நடத்தியவர்களிடமும் மருத்துவரிடமும் கேட்டு மறுநாளே எழுதி வைத்தேன். அந்தத் தந்தை நான். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு இதை இப்போது வெளியிடக் காரணம் உண்டு. நம் தெருவில் இந்த நிகழ்ச்சி வேறு விதமாகச் சொல்லப்பட்டு வருகிறது என்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த விவரத்துக்குப் பின்னர் வருகிறேன்.

அப்போது நான் எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் வாழும் குடும்பம் எங்களுடையது. பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம், வீட்டுக்குள் ஆசாரம். வெளியில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அந்த ஆசாரத்தில் ஒன்று. நான் அதை நம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் விடவும் இல்லை. கல்லூரிக்குக்கூட வீட்டுத் தண்ணீரைத்தான் எடுத்துச் சென்றேன். சக ஆசிரியர்கள் கேட்டால், "காமாலை, காலரா எல்லாம் பரவுகிற ஊர்" என்று கிருமியின் மேல் பழியைப் போடுவேன். ஒரு வேதியியல் ஆசிரியன் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

முகாமைக் கொச்சங்காடியில் இருந்த ஒரு வாசகசாலையின் இளைஞர்கள் நடத்தினார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடம், அதன் பின்புறம் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்கு ஒன்று, நடுவே ஒரு தகரக் கொட்டகை. காலையில் களிமண் வேலை, பாட்டு, மதியம் கஞ்சியும் பயறும், பிறகு நாடகம். பெற்றோர் அறிய வேண்டியவை என்று சைக்ளோஸ்டைல் செய்த ஒரு தாளை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வரி, குடிப்பதற்குக் கொதிக்க வைத்த சீரகத் தண்ணீர் தரப்படும், குழந்தையிடம் ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினால் போதும் என்பது. அந்த வரியை நான் படித்தேன். எங்கள் கூஜாவில் இருந்தது காய்ச்சாத குழாய்த் தண்ணீர். இரண்டில் எது பாதுகாப்பானது என்று ஒரு தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் நான் பிழையாக எழுதியிருக்க மாட்டேன்.

அன்று காலை என் மனைவி தடுத்தாள்.

"வெயில் இப்படிக் கொளுத்தறது. கூஜா காலியாயிடுத்துன்னா கொழந்தை என்ன பண்ணும்?"

"அவனுக்கு அவ்வளவு போறும்."

"போறலைன்னா?"

"போறும்னு சொன்னேனே."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மகன் கூஜாவை எடுத்துக்கொண்டான். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று அவனைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் படகுத்துறைக்கு நடந்தேன்.

முகாமில் நடந்தவற்றை நான் கண்ணால் பார்க்கவில்லை. எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த என் மனைவியும், முகாமை நடத்திய இளைஞர் ஒருவரும் பின்னர் சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன்.

அந்தக் கூஜாவே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையாக இருந்திருக்கிறது. தமிழ்ப் பிராமணர்களைக் கேரளத்தில் பட்டர் என்பார்கள். என் மகனுக்கு முதல் நாளே 'கூஜாப் பட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் இரண்டு பையன்கள் அதைப் பிடித்து இழுத்தார்கள்.

"எடா பட்டரே, இதுல எந்தாடா இருக்கு, அம்ருதோ?"

"விடுடா, கொட்டிடும்!"

கொட்டிவிட்டது. அந்தப் பையன்களுக்கு முகம் விழுந்து போயிற்று. தங்கள் டம்ளர்களையே கொண்டுவந்து நீட்டினார்களாம். "தாகமில்லை" என்று சொல்லியிருக்கிறான் என் மகன்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கோட்டைக் கொச்சிப் பக்கம் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. பல தலைமுறைக்கு முன் அங்கே வந்து குடியேறியவர்கள். அவர் அங்கே பிறந்தவர். சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றிக் குழந்தைகளுக்கு ஊற்றுவது அவருடைய வேலை. பதினொரு மணிக்கு என் மகனிடம் வந்து டம்ளரை நீட்டினார். அவன் தலையசைத்தான். அவர் வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, மேல்சாதியான மேனோன் வீட்டுப் பெண்குழந்தை ஒருத்தியிடம் டம்ளரைக் கொடுத்து அனுப்பினார். அதையும் அவன் வாங்கவில்லை. அந்தக் குழந்தையை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விதிகள் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. அந்த விதிகளின் மறுபுறத்தில் வாழ்ந்த குடும்பம் அல்லவா.

2.20 மணிக்குத் தகரக் கூரையின் கீழ் அவன் விழுந்தபோது எல்லோரும் பதறிப்போனார்கள். நாடகம் சொல்லிக்கொடுத்த இளைஞர் ஒரு செம்புத் தண்ணீரை அவன் வாயருகே கொண்டுபோய், "குடிக்கடா மோனே, குடிக்கடா" என்று கெஞ்சியிருக்கிறார். அரைமயக்கத்தில் இருந்த பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறான். பல் கிட்டிவிட்டது, வலிப்பு என்று யாரோ சொல்ல, இன்னொருவர் இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். அந்தப் பெண்மணி கையில் அகப்பையுடன் வந்து கூட்டத்தை விலக்கினார்.

"எல்லாரும் மாறி நில்லுங்க. காத்து வரட்டும். வலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை." குனிந்து தமிழில் கேட்டார்: "தம்பி, இங்க எதுவும் குடிக்கக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாங்களா?"

தலை அசைந்தது.

"கரிக்கு? எளநி? அது குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

அந்த நிலையிலும் என் மகன் யோசித்தானாம். பிறகு உதடு அசைந்தது. "சொல்லலை."

இளநீருக்குத் தீட்டு இல்லை. யார் வெட்டிக் கொடுத்தாலும் குடிக்கலாம். எந்தப் பாத்திரமும் தொடாமல் காய்க்குள்ளேயே இருக்கிற நீர் அது. ஆசாரத்தில் இருக்கிற இந்தச் சிறிய வாசல் எனக்கும் தெரியும். காலையில் அது என் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்தது.

"சாரே, பாத்துட்டு நிக்காதே. ஏறு தெங்குல!"

நாடக ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துத் தென்னையில் ஏறினார். "பி.ஏ. பாஸானதுக்கு அன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம் உண்டாச்சு" என்று அவரே பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெண்மணி இளநீரை என் மகனின் கண்ணெதிரே சீவினார். அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவனைத் தூக்கி உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். முதல் காயை மெல்ல மெல்லக் குடித்தான். இரண்டாவதைத் தானே கையில் பிடித்துக்கொண்டான்.

கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசிச் செய்தி வந்தது. மகனுக்கு உடல்நலமில்லை, உடனே வரவும் என்பதற்கு மேல் விவரம் இல்லை. எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் வந்த அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் இயலாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தது என்று மட்டும் நினைவிருக்கிறது.

மகனை முகாமுக்கு அருகில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மருத்துவர் வயதானவர், அந்தப் பக்கத்து மக்கள் பெரிதும் நம்பியவர். இன்னும் ஒரு மணி நேரம் பிள்ளை அப்படியே கிடந்திருந்தால் தம் கையில் எதுவும் இருந்திருக்காது என்றார். பிறகு சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்: "மாஷே, காலேஜில எந்தாணு படிப்பிக்குன்னது?"

"கெமிஸ்ட்ரி."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மீண்டும் எழுதத் தொடங்கினார்.

வெளி வராந்தாவில் அந்தப் பெண்மணி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"சாமி, தம்பி ஒரு தப்பும் செய்யலை. எந்தப் பாத்திரத்துலயும் வாய் வெக்கலை. கரிக்கு மட்டும்தான். அவன் கண்ணு முன்னாலதான் வெட்டினேன். வேணும்னா சாரைக் கேட்டுப் பாருங்க."

என் மகனின் உயிரைக் காத்தவர், என் விதியை மீறவில்லை என்று எனக்குச் சாட்சியோடு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோபித்துக்கொள்வேன் என்று அஞ்சியிருக்கிறார். எந்த வகுப்பறையிலும், எந்த மேடையிலும் நான் அவ்வளவு சிறியவனாக நின்றதில்லை.

"தெரியும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முகாமிலிருந்து ஒரு கெட்டிலில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். மகனின் கட்டிலருகே மதியத்திலிருந்து வாய் நனைக்காமல் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து, தயக்கத்தோடு, "மாமி, கொஞ்சம்..." என்றார். என் மனைவி எழுந்து வந்து கையை நீட்டி வாங்கினாள். நின்றபடியே முழு டம்ளரையும் குடித்தாள். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றாள். பிறகு ஒரு டம்ளரை மகனுக்குக் கொண்டுபோனாள்.

அவன் டம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"குடி" என்றேன். என்னைப் பார்த்தபடியே குடித்தான்.

அந்தப் பெண்மணி மூன்றாவது டம்ளரை ஊற்றினார். என்னிடம் நீட்டவில்லை, பெஞ்சின் ஓரத்தில், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வெயிலில் நடந்து வந்த எனக்கு நா வறண்டிருந்தது. "இப்போ வேண்டாம்" என்றேன்.

"சரி சாமி." குரலில் மாற்றம் ஏதும் இல்லை. அந்த டம்ளரை எடுத்துத் தானே குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார். பாத்திரம் துலக்கும் வேலை மிச்சமிருந்தது.

அன்றே மகனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். திங்கட்கிழமை காலை அவன் மீண்டும் முகாமுக்குப் புறப்பட்டான். என் மனைவி அவன் பையில் ஒரு டம்ளரை மட்டும் போட்டாள்.

"கூஜா?" என்றேன்.

"கெடையாது."

"கொஞ்சம் யோசிச்சுப் பண்ணலாமே."

"நீங்க யோசிங்கோ. அவன் டம்ளரோட போறான்." அவளும் அவனோடு புறப்பட்டுப் போனாள். முகாம் முடியும் வரை நாள்தோறும் போய்ச் சமையற்கட்டில் அந்தப் பெண்மணிக்குத் துணையாக டம்ளர் கழுவினாள். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கூஜா எப்போது வீட்டிலிருந்து போனது என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் ஆண்டுதோறும் ஏப்ரலில் தெருவில் உள்ள இளம் பெற்றோர், குழந்தையை முகாமுக்கு அனுப்புவதற்கு முன் என் மனைவியிடம் வந்து கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. நான் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். கூடத்தில் பேச்சு கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று கவனித்ததில்லை.

சென்ற ஆடியில் அவள் காலமானாள். முப்பத்தொரு ஆண்டு உடன் வாழ்ந்தவள். அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் இளம் தந்தை, வங்கியில் பணிபுரிபவர், முகாம் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மாமி இல்லைன்னு தெரியும் மாமா. ஆனாலும் ஃபாரம் வாங்கினதும் கால் தானா இங்கே வந்துடுத்து."

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். மாமி என்ன சொல்வாள், எனக்குத் தெரியாதே என்றேன். அவர் வியந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? எங்க அக்கா பிள்ளைக்காக வந்தப்போ நானே கேட்டிருக்கேன். 'நான் பண்ணின முட்டாள்தனத்தை நீங்க பண்ணிடாதேங்கோ'ன்னுதான் ஆரம்பிப்பா. 'வெளியிலே ஒரு சொட்டு குடிக்கப்படாதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். மாமா அப்பவே வேண்டாம்னார், படிச்சவராச்சே. நான்தான் கேக்கலை. கொழந்தை கையை விட்டுப் போக இருந்தது'ன்னு சொல்லிட்டு, சிரிப்பா. மாமிக்கு இருந்த அந்த மனசு, மாமா... தன் தப்பை யாராவது இப்படி நாலு பேர்கிட்ட சொல்லுவாளோ?"



"ஆமாம்" என்றேன்.

திருத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவர் எதிரே அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் ஏன் அப்படி மாற்றிச் சொன்னாள் என்று பலவாறு எண்ணிப் பார்த்தேன். தெருவில் என் மதிப்பு குறையக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஒரு தாய் தன் பிழையாகச் சொன்னால் மற்ற தாய்மார் கூச்சமின்றிக் கேட்டுக்கொள்வார்கள் என்று கண்டிருக்கலாம். அல்லது அன்று காலை வாசலில் மூன்றாவது முறையும் தடுக்காமல் விட்டதையே தன் பிழையாக அவள் கருதியிருக்கலாம். இந்தக் கடைசி எண்ணம்தான் என்னை உட்கார விடுவதில்லை. கேட்டறிய இப்போது ஆளில்லை.

குழந்தையை முகாமுக்கு அனுப்பும் பெற்றோருக்கு அவள் சொல்லி வந்ததை அந்த இளம் தந்தையிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். முகாமை நடத்துகிறவர் யார் என்று பார்ப்பதோடு நிற்காமல், தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று போய்ப் பாருங்கள். அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் குழந்தையின் பெயரை அவருக்குச் சொல்லுங்கள். வீட்டு வழக்கம் எதுவானாலும் முகாமின் வாசற்படி வரையில்தான் என்று குழந்தையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அம்மா சொன்னதை மீறினாலும் பரவாயில்லை, உனக்கு முடியலைன்னா யாரிடமாவது சொல்லு" என்று உங்கள் வாயாலேயே சொல்லி அனுப்புங்கள். அடங்காத பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கேட்டு வாங்கிக் குடித்துவிடும். சொன்னதைக் கேட்கிற பிள்ளைக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும் என்பாளாம்.

இவற்றுடன் சேர்க்க என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாம் யோசிக்காமல் சொல்லும் ஒரு சொல்லை நம் பிள்ளை உயிரைக் கொடுத்தும் காப்பாற்றக்கூடும். அப்படிக் காப்பாற்றத் தகுதியான சொல்லா அது என்று வாசலிலேயே ஒரு கணம் நின்று பார்ப்பது, எந்தக் கல்வியும் எனக்குக் கற்றுத் தராத, இன்றும் நான் முழுமையாகக் கற்று முடிக்காத பாடம்.

செய்யாமல் விட்டவை:

வங்கியில் பணிபுரியும் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்று, மாமி சொன்னதில் இருவர் இடம் மாறியிருக்கிறார்கள் என்று நேரில் கூறுவது.

இத்தனை ஆண்டுகளில் அவளிடம் கேட்டுச் சென்ற மற்ற வீடுகளுக்கும் அதைத் தெரிவிப்பது. எட்டு வீடுகள் நினைவில் இருக்கின்றன, இன்னும் இருக்கும்.

சமையற்கட்டுப் பெண்மணி இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அவர் வீட்டுக்குப் போய், குடிக்கத் தண்ணீர் கேட்பது.

பம்பாயில் படிக்கும் என் மகனுக்குக் கடிதம். அம்மா அப்படிச் சொன்ன வேளைகளில் அவனும் கூடத்தில் இருந்திருக்கிறான், ஒருமுறையும் திருத்தவில்லை. ஏன் என்று கேட்பதற்காக அல்ல. இனி உண்மையைச் சொல்லலாம் என்று எழுத.

என் மனைவியிடம் ஒரு வார்த்தை. இதற்கு இனி வழியில்லை. பட்டியலிலிருந்து அடிக்கவும் கை வரவில்லை.